சிறுபோகப் பங்கும் என் வாயும்

என் வாய் சும்மா கிடக்காது. வன்னியில் ஸ்கந்தபுரத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராக இருந்தபோது, கொழும்பு ஆய்வு நிறுவனம் ஒன்று வவுனியா ஹோட்டலில் எங்களுக்குச் செயலமர்வு வைத்தது. சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் சரியாகும் என்பது அவர்களின் வாதம். அதே வாதம் பேசும் கூட்டாளி நிறுவனங்கள் வெளிநாடுகளிலும் அவர்களுக்கு இருந்தன. "உங்கள் குளத்தில் தண்ணீரை எப்படிப் பங்கிடுவீர்கள்?" என்று ஓர் இளைஞர் மரியாதையாகக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழையில்லாத காலத்துச் சிறுபோக விதைப்பில் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைப்போம். விதைக்காதவர் தன் பங்கைக் கேட்டவருக்குச் சும்மா விட்டுக்கொடுப்பார். இதைப் பெருமையாக அளந்துவிட்டேன். சில மாதங்களில் புத்தகம் வந்தது. வன்னி விவசாயிகள் தண்ணீரை ஏற்கெனவே கைமாற்றுகிறார்கள், விலை வைப்பதுதான் மிச்சம் என்றிருந்தது. யார் இதைப் படிக்கப் போகிறார்கள் என்று சிரித்துவிட்டு அலுமாரிக்கு மேல் போட்டேன்.

பிறகு ஓர் அமைச்சரின் பேச்சில் அந்த வசனத்தைக் கேட்டேன். அவரைத் திட்டித் தீர்த்து ஆட்சிக்கு வந்தவர்களின் திட்ட வரைவிலும் அதுவே இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஆலோசகர்கள் அந்த நிறுவனத்து ஆட்கள்தானாம். பேப்பரில் அதைக் காணும்போதெல்லாம் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

இந்த வருடம் சிறுபோகக் கூட்டத்துக்கு முதல்நாள், வாய்க்கால் கடைசியில் வயல் செய்யும் ஓர் அக்கா வந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சொந்தப் பங்கு கிடையாது. யாராவது விட்டுக்கொடுக்கும் தண்ணீரில்தான் ஒரு ஏக்கர் விதைப்பார். நான் விதைக்காத வருடங்களில் என் பங்கும் அவருக்குத்தான் போகும்.

"இந்த முறையும் தண்ணி கிடைக்கும்தானே தம்பி?"

"ஓம் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றேன். பயம் எனக்குத்தான்.

கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரி புதிய முறையை வாசித்தார். விதைக்காதவர் இனித் தன் பங்கை விற்கலாம். நான் எழும்பினேன்.

"விக்கிறது எங்கட வழக்கம் இல்லை ஐயா."

அவர் கோபப்படவில்லை. அந்தப் புத்தகத்தைப் பிரித்து, ஊரையும் என் பதவியையும் வாசித்தார். "இது நீங்கள் சொன்னதுதானே?"

"ஓம்" என்றுவிட்டு இருந்தேன். பங்குக்காரர்கள் ஒவ்வொருவராகக் கை உயர்த்தினார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, உரம் விற்கும் விலை அப்படி. பங்கில்லாதவர்களுக்கு அங்கே வாக்கில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்கா என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருக்கலாம். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"உங்கட பங்கை என்ன விலைக்குத் தருவீங்கள் தம்பி?"