சிவந்த நகம்

சாயம் போடுகிறவர்களின் கை லேசில் வெளுக்காது. பட்டுநூலைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி முக்கி என் நகமெல்லாம் அரக்குச் சிவப்பு. அந்தச் சிவப்புதான் என்னைச் சாகடிக்கப் பார்த்தது. அதற்குத் துணை நின்றவர் என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன். ஆரணியில் அவருடைய சாயப்பட்டறையில்தான் எனக்கும் வேலை.

கொஞ்ச காலமாக மூச்சு வாங்கியது. நூல் காயப்போட மாடி ஏறினால் கண் இருட்டியது. வெளிக்குப் போனால் தார் மாதிரிக் கறுப்பு. மூத்தாரின் மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே மூத்தார் பட்டறை நடுவில் நின்றுகொண்டு, "சாயக் கையோட சோறு துன்னா அப்டித்தான் போவும். வேல செய்ய நோவுது, அதான் நடிச்சிகினு கீறா" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளூர் டாக்டர் என் நகத்தைப் பார்த்தார். சிவப்பாகத்தானே இருந்தது! ரத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, அசதிக்கு இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். அதைக் குடித்தாலும் கறுப்பாகத்தான் போகுமாம். அதற்கப்புறம் நான் வாய் திறக்க வழியே இல்லை.

ஒரு மத்தியானம் தொட்டி ஓரமாக விழுந்தேன். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் வெந்திருப்பேன். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுமே ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார். வாய் வழியாகக் குழாய் விட்டார்கள், ஒன்றும் இல்லை. பின்வழியாக விட்டபோதுதான் பெருங்குடலில் அகப்பட்டது. சிக்கு விழுந்த நூல்போல மெல்லிய ரத்தக் குழாய்கள் உப்பிப்போய்க் கசிந்துகொண்டிருந்தன. வயதானால் சிலருக்கு அப்படி ஆகும், சாயத்துக்கும் சோற்றுக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். சூடு வைத்துக் கசிவை அடைத்தார்.

திரும்பி வந்தபோது மூத்தார் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நான் கறுவிக்கொண்டே வேலை செய்தேன்.

இந்த ஆடியில் அவர் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தார். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கும் கறுப்பாப் போவுதும்மா. இன்னா பண்றது?"

"காதுல விழல மாமா. உள்ள வந்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"பேஜார் பண்ணாதம்மா."

"அப்ப சாயம்தான். கைய நல்லா கழுவிட்டு சாப்புடுங்க."

முறைத்தார். அப்புறம் பட்டறை நடுவில் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

"ஜல்தியா வேலூர் கெளம்புங்க. நகத்த காட்டாதீங்க, கண்ண இழுத்துக் காட்டுங்க" என்றேன்.

துணைக்கு வரச்சொல்லி அவர் மனைவி என் கையைப் பிடித்தாள். உதறினேன். வழி சொன்னதே அதிகம்.

ஆனாலும் பஸ் கிளம்பியதும், அவர் பிழைத்து வரவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். செத்துப்போய்விட்டால் இந்தக் கோபத்தை நான் யார் மேல் வைத்திருப்பது?