ஒன்பதாவது பாட்டுக்கு முதலிடம்

நான் நான்காம் ஆண்டு படித்தபோது, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி நடந்தவை:

1. சித்தி தன்னுடைய ஓட்டுரிமையை எனக்குக் கொடுத்தார்.
2. ஒன்பதாவது பாட்டு முதலிடம் பெற்றது.
3. அதைக் கோயில் ஸ்பீக்கரில் போட்டோம்.
4. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ் டிவிசன் ஆட்கள் மேலே ஏறி வந்தார்கள்.
5. யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகும் கோயில் தலைவர் பாட்டை நிறுத்த விடவில்லை.

வரிசை சரிதான். ஆனாலும் இப்படி எழுதிப் பார்த்தால், ஏதோ கோயிலில் குழப்பம் நடந்ததுபோல்தான் இருக்கிறது. அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்பது இதில் எங்கும் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே. அம்மாவின் தம்பியான மாமா, ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுபவர். ஒருமுறை வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வயரிங் வேலை செய்துவிட்டு வரும்போது, அங்கே குப்பைக்குப் போகவிருந்த ஒரு சீடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பழைய இங்கிலீஷ் ராக் குழு ஒன்றின் பிரபலமான பாடல்களின் தொகுப்பு அது. அட்டை இல்லை, அதனால் எந்தப் பாட்டுக்கும் எங்களிடம் பெயரும் இல்லை, எண்தான். குழுவின் பெயர் சீடியின் மேலேயே இருந்தது. அதை எப்படி உச்சரிப்பது என்பதில் யாருக்கும் உடன்பாடு இல்லை.

ரசிகர்கள் மூன்று பேர். மாமா, மாமாவின் கூட்டாளியான ஆட்டோ அண்ணன், பிறகு சித்தி. சித்தி அம்மாவுக்கும் மாமாவுக்கும் இளையவர். வேலைக்குப் போகும் தாய்மாருடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டால் மூவரும் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் ஆட்டோவுக்குள் ஏறி, இருபக்கமும் படுதாவை இறக்கிவிட்டு, பாடல்களைத் தரம் பிரிப்பார்கள். மடியில் இடம் இருந்தால் எனக்கும் அனுமதி.

ஆளுக்கொரு அளவுகோல். ஸ்பீக்கர் கிழியாமல் தாங்குகிறதா என்று மாமா பார்ப்பார். ஏற்றத்தில் வண்டி சலிக்காமல் ஏறுகிறதா என்று ஆட்டோ அண்ணன் பார்ப்பார். பாட்டு முடிந்ததும் யாருக்கும் பேச வாய் வரக்கூடாது என்பது சித்தியின் விதி. வெறும் ரசனைக்காக மட்டும் அவர்கள் இப்படிச் சண்டை போடவில்லை. திருவிழாவுக்கு முந்திய நாள் ஸ்பீக்கரைக் கட்டியதும், சாமிப் பாட்டுகள் தொடங்குவதற்கு முன்னால், சத்தம் சரிபார்க்க ஒரே ஒரு பாட்டை மாமா தன் விருப்பத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். முதலிடம் பெறும் பாட்டுக்குத்தான் அந்த வாய்ப்பு. ஒவ்வொரு வருடமும் ஆட்டோ அண்ணனின் மூன்றாவது பாட்டே வென்றது. சித்தியின் ஒன்பதாவது பாட்டு எப்போதும் இரண்டாமிடம்.

அந்த வருடம் திருவிழா முடிந்ததும் சித்தி வீட்டு வேலைக்காக வெளிநாடு போவதாக இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய சக்கரம் வைத்த பெட்டியை எங்கள் வரிசைவீடான லயத்து வாசலில் இழுத்து விளையாடும் உரிமைதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்குள் சண்டையே இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"இந்த வருசம் ஒம்பதுதான்" என்றார் மாமா.

"ஆமா, ஒம்பதே இருக்கட்டும்" என்றார் ஆட்டோ அண்ணன், முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு.

சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னா, ரெண்டு பேரும் எனக்குப் பிச்சை போடுறீங்களா? போன வருசம் இதே வாயாலதான தூங்குமூஞ்சிப் பாட்டுன்னு சொன்னீங்க? இப்ப மட்டும் எப்படி நல்லா ஆச்சு?"

"அதுக்கில்ல புள்ள..." என்று மாமா இழுத்தார்.

"எதுக்கும் இல்லாட்டி சண்டை போடுங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன்."

ஆட்டோ அண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா சீடியைத் துடைத்தார். பிறகு ஆட்டோ அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, பல வருடங்களாக வைத்திருந்த ஆட்சேபத்தை எடுத்து வெளியே வைத்தார்.

"சரி, கேட்டுக்க. அதுல மொதல்ல வெறும் மோளந்தான். டும்... டும்னு. அச்சு அசலா சாவுக்கு அடிக்கிற தப்பு. கோயில் ஸ்பீக்கர்ல போட்டன்னா கீழ் டிவிசனே தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு வந்து நிக்கும். மூணுதான் மொத."

"இது பேச்சு!" என்றார் சித்தி. அவர் முகம் தெளிந்துவிட்டது.

மாமா ஒன்பதில் உறுதியாக நின்றார். ஆட்டோ அண்ணன் மூன்றில். சித்தி திடீரென்று என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "என்னோட ஓட்டு இனிமே ஒனக்கு. பொய் சொல்லாம சொல்லு."

படுதாவில் மழை அடித்தது. இரண்டு பாட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒம்பது" என்றேன்.

"விஷக்கிருமி" என்று ஆட்டோ அண்ணன் என் தலையில் குட்டினார்.

திருவிழாவுக்கு முந்திய நாள், கொழுந்து நிறுத்து முடிந்து எல்லாரும் லயங்களுக்குத் திரும்பிய நேரம். கோயில் முகட்டில் இருக்கிறது. மாமா ஒரு புனல் ஸ்பீக்கரைக் கோயில் கூரையிலும் இன்னொன்றைச் சரிவில் இருந்த சவுக்கு மரத்திலும் கட்டியிருந்தார். பள்ளத்தில் பனி நிரம்பி, எதிர்மலையின் மேற்பகுதி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. சித்தி பிள்ளைக்காம்பராவிலிருந்து, தாய் வந்து சேராத ஒரு குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வந்துவிட்டார்.

மாமா பாட்டைப் போட்டார். டும். இடைவெளி. டும்.

ஆட்டோவுக்குள் கேட்டது வேறு. இங்கே ஒவ்வோர் அடியும் பள்ளத்துக்குள் இறங்கி, எதிர்மலையில் முட்டி, ஒரு நிதானத்தோடு எங்களிடமே திரும்பி வந்தது. மலைக்குள்ளிருந்து யாரோ பதில் அடிப்பதுபோல் இருந்தது. நான் மாமா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் கீழ்ப்பாதையில் இரண்டு துண்டுகள் தெரிந்தன. பிறகு ஒரு கூட்டமே பனியிலிருந்து வெளிவந்தது. ஆண்கள் தோளில் துண்டோடு வந்தார்கள். ஒரு பெண் தலையை விரித்துக்கொண்டே, "யாருய்யா? யாரு போனது?" என்றாள். ஆட்டோ அண்ணன், "நான் சொன்னேனா, சொன்னேனா?" என்று குதிக்காத குறை.

கோயில் தலைவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்னாடா இது? கொடியேத்துற நேரத்துல யாருக்குடா சாவு மோளம்?"

"யாரும் சாகலைங்க தலைவரே, பாட்டுங்க. இங்கிலீசு பாட்டு." மாமாவின் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. சித்தி குழந்தையை இறுக்கிக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய எடு!" என்று தலைவர் கத்தினார். "சாவு மோளத்தோட நிப்பாட்டுனா அது அப்படியே தோட்டத்துல தங்கிப்போகும். ஆகாது. ஆரம்பிச்சிட்ட, முடியிற மட்டும் ஓடட்டும். கடைசியில நல்லவிதமா முடியுமா?"

"நல்லா முடியுங்க தலைவரே" என்றார் சித்தி.

"நீ கேட்டியா?"

"தெனமும் கேக்குறேன்."

அப்போதுதான் கிட்டார் நுழைந்தது. ஒரு மெல்லிய கம்பிபோல் தொடங்கி, உயர்ந்து, இன்னும் உயர்ந்து, எதிர்மலை திருப்பி அனுப்பியதோடு சேர்ந்து இரட்டையாகி, பள்ளம் முழுவதையும் நிரப்பியது. நான் இப்போது ஒலியையும் அலையையும் படித்து, அதிலேயே வேலை செய்கிறேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே இருந்த தூரம், எதிரே இருந்த பாறைமுகம், குளிர்ந்த காற்று எல்லாவற்றையும் வைத்து அதைப் படம் போட்டு விளக்கிவிடுவேன். விளக்கிய பிறகும் முதுகு சிலிர்க்கிறது. துண்டோடு வந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றார்கள். தலைவிரித்தவள் கொண்டையை முடிந்துகொள்ள மறந்து நின்றாள். குழந்தை சித்தியின் தோளில் தூங்கிவிட்டது. அதைத் தூங்கவைக்கத் தினமும் சித்தி முனகும் மெட்டு அதுதான் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாட்டு முடிந்தது. யாருக்கும் பேச வாய் வரவில்லை.

தலைவர், "நல்லாத்தான் முடியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திருவிழா முடிந்த வாரம் சித்தியை ஹட்டன் ஸ்டேஷனுக்கு ஆட்டோ அண்ணன்தான் கொண்டுபோனார். பெட்டிக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக ஆட்டோவில் பாட்டே இல்லை. மூன்றும் இல்லை, ஒன்பதும் இல்லை. திரும்பி வரும்போதும் இல்லை. செட் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், "மாமா, ஆட்டோ அண்ணனோட செட்டு ரிப்பேர், பாத்துக் குடுங்க" என்றேன். மாமா, "சரி, பாக்குறேன்" என்றார்.

இணையத்தில் உலகம் முழுவதும் இருக்கும் ரசிகர்கள் அதே தொகுப்பைத் தரம் பிரித்திருப்பதை இப்போது பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்பதாவது பாட்டை நடுவில் எங்கேயோ தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் அதை ஒரு மலைக்கு எதிரே வைத்துக் கேட்டதில்லை.

சீடி தேய்ந்துவிட்டது, பாட்டு மாமாவின் போனில் இருக்கிறது. திருவிழாவுக்கு முந்திய நாள் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார். கீழ் டிவிசனிலிருந்து யாரும் ஏறி வருவதில்லை. மூன்றுதான் முதல் என்று ஆட்டோ அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தி இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறார். அவருடைய ஓட்டு என்னிடம் இருக்கிறது.