நான் வாசிக்காத வரி

அந்த மாலைகளில் மொட்டைமாடியில் இருந்தவர்கள் அண்ணனும் நானும். இல்லாதவர்கள் மற்ற எல்லாரும். அப்பா மலைக்கு மேற்கே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலையாக இருந்தார். அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் தினக்கூலி. ஷிப்ட் முடிந்து வந்து குளிப்பான், தலை சீவுவான், சிநேகிதர்களோடு டீக்கடைக்குப் போய்விடுவான். வாசல்வரை கூடவே போய்த் திரும்பி வருவேன்.

அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆணழகன் போட்டி நடக்க இருந்தது. அதில் பரிசு வாங்குகிறவனுக்கு நிரந்தர வேலை கிடைக்கும் என்று மில் மேஸ்திரி ஆசை காட்டியிருந்தார். அண்ணன் தபாலில் உடற்பயிற்சிப் பாடம் வரவழைத்தான். அவனுக்கு வாசிக்க வராது. அதனால் முதல்முறையாக அவனுக்கு நான் வேண்டியிருந்தது.

இரண்டு எண்ணெய் டின்களில் சிமெண்ட் ஊற்றி, தண்ணீர்க் குழாயின் இரண்டு முனைகளையும் அவற்றில் செருகி இறுகவிட்டோம். செங்கல் அடுக்கிப் பலகை போட்டால் பெஞ்சு. அண்ணன் மல்லாந்து படுத்துக் குழாயை நெஞ்சுவரை இறக்கி ஏற்றுவான். நான் தலைமாட்டில் நின்று பாடத்தை வாசிப்பேன், பிறகு எண்ணுவேன். பத்துப் பத்தாக மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கை நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் எடை போதாது என்று பாடம் சொன்னது. அப்போது டின்னோடு ஒரு செங்கல் சேர்த்துக் கட்டுவோம். ஊறவைத்த நிலக்கடலையில் பாதி எனக்கு.

பக்கத்து மாடியில் வத்தல் காயப்போடும் தெலுங்கு வீட்டு அத்தை சும்மா இருக்கமாட்டாள். "ஏலே, அந்த டின்னத் தூக்குததுக்கு எங்க வீட்டுத் தண்ணிக் கொடத்தத் தூக்கேன். ஒரு காப்பியாவது தாரேன்."

அண்ணன் சிரித்து எண்ணிக்கையை விட்டுவிடுவான். நான் விடமாட்டேன்.

மூன்றாவது பாடத்தில் அந்த வரி வந்தது. தசை வளர்வது தூக்கும்போது அல்ல, ஓய்வில்தான். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே தூக்க வேண்டும். அதை மனசுக்குள் இரண்டு தடவை வாசித்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால், விட்ட நாளில் அவன் டீக்கடைக்குப் போவான்.

"அம்புட்டுதானா?" என்றான் அண்ணன்.

"அம்புட்டுதாண்ணே."

இரண்டு மாதம் தினமும் தூக்கினான். ஒருநாள் தோளைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "உள்ள மணலு கெடந்த மாதிரி கரகரங்குலே. இதுக்கு என்ன போட்டிருக்கு?"

"வலிச்சாலும் விடக்கூடாதுன்னு போட்டிருக்குண்ணே."

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஏழு என்று நான் எண்ணியபோது அவனுடைய இடது கை மடங்கிப்போனது. டின் பலகையில் மோதித் தரையில் விழுந்தது. தளவாய்புரத்து எலும்பு வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார். கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனான். நானும் போனேன்.

மேடையில் வலது கை மடங்கி உருண்டு திரண்டது. இடது கை தோள் மட்டத்துக்கு மேலே ஏறவில்லை. "ஏலே, ஒரு கைய வீட்லயே வச்சிட்டு வந்துட்டான்லே!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

மேடைக்குப் பின்னால், உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒருவர் அண்ணனின் தோளைத் தொட்டுப் பார்த்தார். "தினமும் தூக்குனியளோ? ஒருநாள் விட்டு ஒருநாள்தானய்யா தூக்கணும். எந்தப் பாடத்துலயும் போட்டிருப்பானே?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தேன்.

"எழுத்து ரொம்பப் பொடிசுண்ணே அது. சின்னப் பையன், கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று அண்ணன் அவரிடம் சொன்னான்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தான். தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மடவார் வளாகம் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி வந்தேன். பாடத்தில் எழுத்துகள் கொண்டைக்கடலை கொண்டைக்கடலையாக இருக்கும். அது வாசிக்கத் தெரியாதவன் கண்ணுக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அதன்பிறகு அவன் மாடிக்கு வரவில்லை. தினக்கூலியாகவே மில்லுக்குப் போய்வந்தான்.

போட்டிக்கு மறுநாள் அம்மா செலவை ஒவ்வொன்றாகச் சொன்னாள்: பாடத்துக்கு அறுபது, வைத்தியருக்கு எண்பத்தைந்து, போட்டிக்கும் பஸ்ஸுக்கும் பதினைந்து. வீட்டில் கூட்டத் தெரிந்தவனும் நான்தான். சிலேட்டில் கூட்டிச் சொன்னேன்.

சுவரில் சாய்ந்திருந்த அண்ணன், "அம்புட்டுதானா?" என்றான்.

"அம்புட்டுதாண்ணே," என்றேன். "நூத்தி அறுவது ரூவா."