சூசை அண்ணனின் பசி

மெற்றில்டா அக்கா தன் கணவரின் பெல்ட்டை எடுத்து என் மேசையில் போட்டார். அதில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள், ஒன்றைவிட ஒன்று உள்ளே தள்ளி.

"சாப்பிடுறாரில்ல டொக்டர். தவக்காலம் தொடங்கினதில இருந்து ஒருசந்தி. நாளுக்கு ஒரு நேரம், அதுவும் ரெண்டு வாய். வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லையெண்டு பங்குச் சுவாமியே சொல்லிப்போட்டார். இந்த மனுசன் கேட்டாத்தானே!"

அவர் கணவர் சூசை அண்ணன் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். புற்றுநோய்க்காக அவருடைய இரைப்பையை முழுதாக எடுத்தவள் நான்தான். ஸ்கேனில் நோய் திரும்பிய அடையாளமே இல்லை. ஆனால் மனிதர் பட்டினியால் போய்விடுவார் போலிருந்தது. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இதற்காகவா அத்தனை மணித்தியாலம் ஒப்பரேஷன் தியேட்டரில் நின்றேன்?

அந்தக் காலத்தில் நான் கிரெலின் ஆய்வில் இருந்தேன். கிரெலின் என்றால் பசி ஹோர்மோன். பெரும்பாலும் இரைப்பையில் உண்டாகி ரத்தத்தில் கலந்து, சாப்பாடு எங்கே என்று மூளையை அரிப்பது அதன் தொழில். இரைப்பை இல்லாதவர்களிடம் அது எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். சூசை அண்ணனும் அந்த ஆய்வில் ஒருவர். சாம்பிள் கொடுக்கும் நாளில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். ஒரு பிஸ்கட்டைக் கடித்தாலும் சாம்பிள் சரிவராது.

ரத்தத்தை ஐஸ் வாளியில் வைத்து, பொரளைப் பக்கம் இருந்த ஆய்வுகூடத்துக்கு ஓட வேண்டும். சுணங்கினால் ஹோர்மோன் சிதைந்துவிடும். வாளியோடு த்ரீவீலில் ஏறினால் டிரைவர் திரும்பிப் பார்த்து, "மாளுத நோனா?" என்பான். மீனா என்று கேட்கிறான். நானும் சளைக்காமல், பாரை மீன் என்பேன். இன்று வெள்ளவத்தையில் பல்கனியில் உட்கார்ந்து த்ரீவீல் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த வாளியை மடியில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை

பெல்ட் வந்த அந்த வாரமே ரிசல்ட்டும் வந்தது. சூசை அண்ணனின் கிரெலின் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். நான் வீட்டுக்கே போனேன். கழன்று விழுவதுபோல் சேர்ட் தொங்க, மனிதர் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார். அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது.

"பசியே இல்ல டொக்டர். ஆண்டவர் தந்த வரம். கிரேன்ல இருக்கேக்க பத்து மணிக்கே வயிறு கத்தும். ஒரு தவக்காலமும் ஒழுங்கா ஒருசந்தி பிடிச்சதில்ல, ஒவ்வொரு முறையும் தோத்துப்போவன். இப்ப பாருங்கோ, சுகமாப் போகுது."

"விசர்க்கதை கதையாதேங்கோ. பசி இல்லாட்டியும் சாப்பிடோணும்."

"பசியில்லாமச் சாப்பிட்டா அது போசனப்பிரியமெல்லோ? தலையான பாவம் ஏழில ஒண்டு."

வாசலில் நின்ற மெற்றில்டா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். வரும்போது நான் யோசித்து வைத்திருந்த விளக்கமெல்லாம் பறந்து போயிற்று.

"சூசை அண்ணன், உங்கட பசியை ஆண்டவர் எடுக்கேல்ல. நான் எடுத்தனான். கத்தியால. பசி உண்டாகிற இடத்தை வெட்டி எடுத்தாச்சு. ரத்தத்திலயும் தேடிப் பார்த்தனான், இல்ல."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப இது வரமில்லையா?"

"இல்ல. ஒப்பரேஷன்."

அவருடைய முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாயிருந்தது. ஆயுள் முழுக்கத் தோற்ற ஒன்றில் கடைசியாக வென்றுவிட்டேன் என்று நினைத்திருந்த மனிதர். நான் வந்து அதையும் பறித்துவிட்டேன். சுவரிலிருந்த இயேசுவின் திருவிருதயப் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"டொக்டர், சாப்பாட்டைக் கண்டாலே அரியண்டமாக் கிடக்கு. ஒவ்வொரு வாயும் மல்லுக்கட்டு, தெரியுமா?"

"தெரியும்."

"பசியில்லாத நான் பட்டினி கிடந்தா அது தவமில்லத்தானே?"

"இல்ல."

"அப்ப சாப்பிடுறதைத்தான் நான் தவமா ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்கோணும்." அவர் வாசல் பக்கம் திரும்பினார். "மெற்றில்டா, அந்தப் பாணைக் கொண்டா."

நெற்றி வியர்க்க, கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டுப் பாணை அவர் மென்று முடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெற்றில்டா அக்கா முதலிலேயே அழத் தொடங்கியிருந்தார்.

பசி கூப்பிடாத ஆளை மணி கூப்பிடட்டும் என்று ஏற்பாடு செய்தோம். மாதா கோயில் மணிக்கு ஒரு சாப்பாடு, பக்கத்துப் பள்ளிக்கூட மணிக்கு ஒன்று, பின்னேரம் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் ஒன்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான்.

அடுத்த வருடம், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்றே அவருடைய சாம்பிள் நாளும் வந்தது. நெற்றியில் கோயில் விபூதியோடு, கன்னம் தெளிந்து வந்து உட்கார்ந்தார். நான் ஊசியை எடுத்தேன்.

"ஒண்டும் சாப்பிடேல்லத்தானே?"

"சாப்பிட்டனான் டொக்டர். அப்பம், முட்டை, ஒரு வாழைப்பழம்."

"ஐயோ! சாப்பிடாம வரச் சொன்னனான் எல்லோ!"

"ஓம், சொன்னனீங்கள். ஆனா இண்டைக்குத் தவக்காலமெல்லோ தொடங்குது."

ஐஸ் வாளி அன்று சும்மா கிடந்து உருகியது. சேர்ஜரி படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஹோர்மோனை அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். அளந்து முடித்ததும் அந்த மனிதரோடு உட்கார்ந்து கதையுங்கள். பிறகு கட்டுரையை அனுப்பியபோது, டேபிளில் ஒரு கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஜேர்னலில் இருந்து கேட்டார்கள். நோயாளி சாப்பிட்டுவிட்டார் என்று பதில் எழுதினேன். என் தொழிலில் வேறெதையும் நான் அவ்வளவு சந்தோஷமாக எழுதியதில்லை.