கவிதைக்காக ஜெயிலுக்குப் போனவர்

என் அக்கா புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். பில் புத்தகம், கடை விளம்பரம் என்று அடித்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார், அந்தக் கவிஞர் வந்து ஒட்டிக்கொள்ளும் வரை.

கவிஞருக்கு நீளத் தாடி, செருப்புப் போடமாட்டார். குடும்பம் கூண்டு, வேலை விலங்கு, அரசாங்கம் அழுகல் என்று எழுதுவார். எழுதிவிட்டு, கூண்டுக்குள் நேராக வந்து அக்கா கையால் வயிறு முட்டச் சாப்பிடுவார். மாமா பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் புத்தகத்தை எந்த அச்சகமும் தொடவில்லை. முதலாளி ஊரில் இல்லாத சமயம் பார்த்து மாமா அடித்துக் கொடுத்தார். கல்லூரிப் பிள்ளைகள் அதைச் சட்டைக்குள் ஒளித்துவைத்துப் படித்தார்கள். சிலர் படிப்பையே விட்டார்கள். ஆபாசம், ராஜத்துரோகம் என்று புத்தகத்துக்குத் தடை வந்தது. பின்னாலேயே போலீசும் வந்தது.

ஸ்டேஷனில் நம் புரட்சிக் கவிஞர் கைகட்டி நின்றார். "சும்மா படிச்சுப் பாருங்கன்னுதான் கொடுத்தேன் சார். இவராவே அச்சடிச்சிட்டாரு."

மாமா மறுத்துப் பேசவில்லை. பேசினால் கவிதைக்கு அவமானமாம்! எட்டு மாதம் உள்ளே இருந்தார். வேலை போயிற்று. அக்கா ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வீட்டைக் காப்பாற்றினாள்.

கவிஞர் வெளிநாட்டுக்கு நழுவிவிட்டார். பல வருடம் கழித்துத் திரும்பியபோது தாடி அளவாக இருந்தது, ஷூ பளபளத்தது. அதே அரசாங்கம் விருது கொடுத்தது. சிரித்தபடி குனிந்து வாங்கிக்கொண்டார். அந்த விழாவுக்கு மாமா எங்களையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார்.

"சிறைக் கம்பிகள்தான் எனக்குக் கவிதை கற்றுக்கொடுத்தன" என்று மேடையில் அவர் தழுதழுத்ததும் கூட்டம் கண்ணைத் துடைத்தது.

"இவரு எந்த ஜெயில்ல இருந்தாராம்?" என்றாள் அக்கா.

"சும்மா இருடி. கவிஞர்னா கொஞ்சம் கற்பனை இருக்கும்" என்ற மாமா, புத்தகத்தின் புதுப் பதிப்போடு கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார். கூடவே நாங்களும்.

கவிஞர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேரு?"

மாமா புத்தகத்தை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"உங்களுக்குப் பதிலா உள்ள போனவருன்னு எழுதுங்க" என்றாள் அக்கா.

கவிஞரின் பேனா நின்றது. முகம் வெளுத்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

மாமா கையெழுத்தில்லாத புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். பஸ்ஸில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு தப்பிச்சா போதும்னு நெனச்சேன். என் மூஞ்சிகூடவா மறந்துபோச்சு?" என்றார்.

அக்கா கையை விலக்கவில்லை. எனக்குத்தான் இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது: கவிஞரை ஒரு முறை, மாமாவை ரெண்டு முறை.