நான்கு அசைவுகள்

ரூபினிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சுங்கைப்பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கணவன் குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டினான். கல்யாணமாகி எட்டே மாதத்தில் அவள் முழுகாமல் இருப்பது தெரியவந்தது. சுங்கை லாலாங்கில் அவர்கள் வாடகைக்கு இருந்த தாமான் குடியிருப்பு வீட்டில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவளிடம் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை.

கிளினிக்கில் தாதி ஜைனப் அவளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். நூற்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். கர்ப்பப் புத்தகத்தின் அட்டையில் பச்சை வில்லை ஒன்றை ஒட்டினார். பக்கத்து நாற்காலிக்காரியின் புத்தகத்தில் இருந்தது வெள்ளை.

"மிஸ்ஸி, எனக்கு மட்டும் ஏன் பச்சை?"

"உயரம் கொஞ்சம் கம்மி, அதுக்குத்தான். டாக்டர் கூடுதலா ஒரு தடவ பார்ப்பாங்க. பயப்படாதலா."

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் தேடினாள். படித்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. நடந்தால் நடக்கலாமா என்று சந்தேகம் வந்தது. துணி அலமாரியை ஒரே வாரத்தில் மூன்று முறை கலைத்து அடுக்கினாள்.

"நீ யோசிக்கிறதாலதான் எல்லாம் வருது" என்றான் குணாளன். அம்மா பிரேமாவதி கரங்கானிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருவாள். அவளும் அதையேதான் சொன்னாள்: "புள்ளத்தாச்சி பயந்தா புள்ளைக்கு ஆகாதுடி." அதன்பிறகு ரூபினி தன் பயத்தை வெளியே காட்டுவதை நிறுத்திக்கொண்டாள். பயப்படுவதாலேயே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற புதுப் பயமும் சேர்ந்துகொண்டது.

ஏழாம் மாதத்தில் ஓர் அட்டவணை கொடுத்தார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளை அசைவதை எண்ண வேண்டும். இரவு ஒன்பதுக்குள் பத்து வராவிட்டால் உடனே வர வேண்டும். பெரும்பாலான நாள்களில் பதினொரு மணிக்கே பத்து முடிந்துவிடும். ரூபினி நிறுத்தமாட்டாள். முப்பத்தொன்று, நாற்பது என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே வேலை செய்வாள். அப்படியும் மனம் ஆறாமல் இரண்டு முறை குணாளனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

முப்பத்தைந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு நான்கு அசைவுகள்தான் ஆகியிருந்தன. ஐஸ் மைலோ குடித்தாள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். மூன்றாகியும் நான்குதான்.

"ஒன்பது மணி வரைக்கும் நேரம் இருக்கே" என்றான் குணாளன். "இன்னைக்கு கிளினிக்கும் மூடியிருக்கும். திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒண்ணுமில்லன்னா?"

ரூபினிக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவும் அதையே சொல்லப்போகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். பிரேமாவதி அடுப்பை அணைத்தாள்.

"காடி சாவிய எடுங்க மாப்பிள்ள."

பின்னிருக்கையில் மகளை ஒட்டி உட்கார்ந்தாள். கார் பெரிய சாலைக்கு வந்தது. பிறகு சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"உனக்கு முன்னால ஒரு பையன். வயித்துல எட்டு மாசம். ரெண்டு நாளா அசையல. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிட்டு வந்த அசதி எனக்கு, அதுவும் தூங்குது போலன்னு நெனச்சுக்கிட்டேன். வெளிய சொன்னா சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

குணாளன் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

"இத்தன வருசமா ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துருவன்னுதான்."

"நான் பயந்துகிட்டுதானேம்மா இருந்தேன்."

பிரேமாவதி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். தாதி இதயத்துடிப்பைக் கேட்கும் கருவியை ஓரிடத்தில் வைத்தார். சத்தமில்லை. நகர்த்தினார். அங்கும் இல்லை. மூன்றாவது இடத்தில் இதயம் டக்டக்கென்று அவசரமாக அடிப்பது கேட்டது. ரூபினி அழுதுவிட்டாள். பிள்ளை நன்றாக இருந்தது. ஆனால் பனிக்குட நீர் குறைந்திருந்தது. வந்தது நல்லதாகப் போயிற்று என்ற டாக்டர், அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்.

பதினொரு நாள் வார்டில் இருந்தாள். சந்தேகம் வந்தால் தாராளமாக வந்து கேட்கலாம் என்று தாதிகள் சொல்லியிருந்ததால் மணிக்கு ஒரு முறை கேட்டாள். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தாள். முப்பத்தேழாவது வாரத்தில் வலி வர மருந்து கொடுத்தார்கள். வலி வந்தது, பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் அறுவைச் சிகிச்சை. பெண் குழந்தை, இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அழுகை மட்டும் பெரிது. சாந்தினி என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பிறந்தால் பயம் போய்விடும் என்று ரூபினி நம்பியிருந்தாள். போகவில்லை. தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே அவள் வேலையானது. ஒரு நாள் மத்தியானம் அப்படி விரலை நீட்டியபோது, தொட்டிலின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு விரலும் வந்தது. பிரேமாவதி! இரண்டு விரல்களும் இடித்துக்கொண்டதில் சாந்தினி விழித்து வீறிட்டாள்.

"புள்ளைய கொஞ்சம் தூங்க விடுங்களேன்!" குளியலறையிலிருந்து குணாளன் கத்தினான்.

அம்மாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாந்தினி அன்று மாலை வரை தூங்கவே இல்லை.