போதும் என்று சொல்லாதவர்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கோட்டை மதிலைப் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். பீரங்கிக் குண்டு துளைத்த அந்த மதிலைக் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். மிச்ச நேரமெல்லாம் வாய்க்குத்தான் வேலை. நாக்கைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள்.

பேருந்து நிலையத்தில் அவர்களைப் பிடித்துத் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது என் மாமாவின் தொழில். அம்மாவின் தம்பி. துறைமுக அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததிலிருந்து அவர் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். மற்றத் தரகர்கள் வந்தவர்களின் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடப்பார்கள். மாமா பெட்டியைத் தொடமாட்டார். "கடைசியா எப்ப நல்லாப் பசிச்சுது?" என்று கேட்பார். வந்தவர் யோசிக்கும் நேரத்திலேயே அவருக்கான அறை எது என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும்.

"சாப்பிட வந்தவன் சாப்பாட்டுக் கடைக்கு மேல தங்கவே கூடாது. மோந்தே வயிறு ரொம்பிடும். அப்பறம் திட்டு எனக்கு." இது அவர் சட்டம். தனியாக வருகிறவர்களை ரொட்டி அடுமனைக்குப் பின்சந்தில் தங்கவைப்பார். விடிந்ததும் வாசமே எழுப்பிவிடும். மீன் ஏலக்கூடத்தின் பக்கம் புதுத் தம்பதிகளை அனுப்பமாட்டார். வயதானவர்களுக்குக் கலங்கரை விளக்கத்து மேடு. ஏறி இறங்கினால்தான் அவர்களுக்குப் பசிக்குமாம். "கட்டில் எவன் வேணா போடுவான். பசியைக் கெடுக்காத ரூம் கிடைக்கறதுதான் கஷ்டம்."

புதிதாக யாராவது அறை வாடகைக்கு விட்டால் முதலில் ஓர் இரவு மாமா அங்கே படுத்துப் பார்ப்பார். காலையில் பசியோடு எழுந்தால் அறை தேறியது. ஊரில் அவருக்குப் 'பசிக்காரர்' என்றே பெயர். விருந்து வீடுகளில் அவர் 'போதும்' என்று சொல்லிக் கேட்டவர் கிடையாது. பரிமாறுகிறவர் நின்றால் "ம்" என்பார், அவ்வளவுதான். கை வலித்துப் பரிமாறுகிறவர்தான் நகர வேண்டும்.

"போதும்ங்கற மனசு பொன்னு செய்யுமாம்" என்பாள் அத்தை. "உங்க மாமா மனசு தகரம்கூட செஞ்சதில்ல."

சென்ற மழைக்காலம் முடிந்ததும் பழைய சுங்கச் சாவடிக்கு எதிரே இருக்கும் ஒடுங்கலான மாடிவீட்டை வாங்கிக்கொண்டு ஒரு தையல்காரம்மா குடிவந்தார். கீழே தையல் இயந்திரம். மேலே கடலைப் பார்த்த ஒரே அறை. அதை வாடகைக்கு விட வேண்டும் என்று மாமாவைத் தேடி வந்தார். மாமா வழக்கம்போல் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை திரும்பி வந்தபோது அத்தை தட்டை வைத்தாள்.

"வேண்டாம். சாப்ட்டாச்சு" என்றார் மாமா.

கல்யாணம் ஆனதிலிருந்து அத்தை கேட்டிராத வார்த்தை அது. "எங்க சாப்ட்டீங்க?"

"அங்கயே போட்டாங்க. விடியக்காலைல. கண்ணுகூட முழிக்கல, அதுக்குள்ள போட்டுட்டாங்க."

"என்ன போட்டாங்க?"

மாமா வாயைத் திறந்தார். நாக்கு எதையோ தேடுவதுபோல் கன்னத்துக்குள் நகர்ந்தது. "பேரு வர்லயே" என்றார். "ஆனா அப்படி ஒரு ருசி. இடதுபக்கம் உக்காந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு..."

"நீங்க ம்னு சொல்லிருப்பீங்க."

"ம்" என்றார் மாமா.

அன்று மதியமும் அவர் சாப்பிடவில்லை. இரவும் இல்லை. மறுநாளும் அதே பேச்சு: "வயிறு கம்முனு இருக்கு. இப்பத்தான் சாப்ட்ட மாதிரி." அத்தை என்னிடம் வந்து, "தையல்காரி அளவெடுத்துட்டா" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள். ஆனால் அவளே சிரிக்கவில்லை. தட்டைக் கவிழ்க்கும்போதெல்லாம் சத்தம் பெரிதாக எழுந்தது.

அறை மிக நல்ல அறை என்று மாமா தீர்ப்புச் சொன்னார். வருடா வருடம் ஊருக்குச் சாப்பிடவே வரும் துணி வியாபாரி ஒருவர் உண்டு. உருண்டையான மனிதர், படியேறினால் படி முனகும். அவரை அங்கே அனுப்பிவைத்தார்.

அந்த வாரம் முழுக்க மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்தியது. காதுகள் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் முகத்தில் விருந்து முடிந்தவரின் நிறைவு. அதுதான் பயமாக இருந்தது. உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் அவர் தாடை மெதுவாக அசையும். வாய்க்குள் ஒன்றும் இருக்காது. தொண்டை ஏறி இறங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவோடு பேருந்து நிலையத்தில் இருந்தேன். துணி வியாபாரி ஊர் திரும்ப வந்தார். பாதி ஆளாக இருந்தார். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் ரொட்டி. நின்றபடியே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நல்ல இடந்தாங்க" என்றார். "ஆனா அந்தம்மா விடவே மாட்டேங்கறாங்க. ஊட்டி ஊட்டித் தள்ளிட்டாங்க. நான் வெளிய ஒரு கடையும் ஏறல. நேத்து காலைல தட்டு மேல கையை வச்சு மறைச்சு, போதும் தாயேன்னு கும்பிட்டுட்டேன். தட்டை எடுத்துடட்டுமான்னு கேட்டாங்க. எடுங்கன்னேன். இன்னிக்குத்தான் பசியே வந்துது. யப்பா, என்னா பசி."

"மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்றார் மாமா.

"யாரோடது?"

"போட்டவங்களோடது."

வியாபாரி மெல்லுவதை நிறுத்தினார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "வா, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்" என்று கிளம்பினாள். வழியெல்லாம் தையல்காரம்மாவிடம் கேட்க வேண்டியதை முணுமுணுத்துக் கூர் தீட்டிக்கொண்டே வந்தாள்.

தையல்காரம்மா வாயில் பிடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்திவிட்டுத்தான் பேசினார்.

"சமையலா? இந்த வீட்டுல அடுப்பே கிடையாதும்மா. துணியில புகை ஏறிடும். எனக்குப் பழமும் ரொட்டியும். வேணும்னா பாருங்க."

பார்த்தோம். அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, ஒரு கரண்டிகூட இல்லை. பின்பக்கம் ஒரு சுவர் மட்டும் தனியாக நின்றது. அதில் ஆள் உயரத்துக்குக் கரி.

"அங்கதான் அந்தக் காலத்துல சமையல்கட்டு இருந்துச்சாம்" என்றார் தையல்காரம்மா. "கப்பல்காரங்களுக்குச் சோறு போட்ட வீடுன்னு சொல்லித்தான் வித்தாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே இடிச்சுட்டாங்க."

அத்தை தீட்டி வைத்திருந்த சண்டையெல்லாம் அப்படியே வாய்க்குள் நின்றுவிட்டது. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "சூடா இருக்கு" என்றாள். வெயில் பட்ட சூடாகவும் இருக்கலாம். நான் தொட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அங்க போய், போதும்னு சொல்லிட்டு வாங்க."

மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பசியில்லாம இருக்கறது எவ்ளோ நிம்மதின்னு உனக்குத் தெரியாது" என்றார். "இத்தனை வருஷம் வயித்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். இப்பத்தான் இறக்கி வச்சிருக்கேன்."

"இறக்கி வச்சவங்களைத்தான் நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க." அத்தையின் குரல் உயரவே இல்லை. "என் கையால போட்டது இறங்கல. கையே இல்லாதவ போட்டது இறங்குதா? கிளம்புங்க."

மறுநாள் மதியம் மூவரும் போனோம். கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா மேலே போய்க் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை அந்த அறையின் வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் அவளுக்குக் கீழே இரண்டாம் படியில். கதவு திறந்தே இருந்தது. ஜன்னலில் பட்டப்பகல், கடல், மீன்படகு. பயப்பட எதுவுமில்லாத அறை.

கொஞ்ச நேரத்தில் வாசம் வந்தது. எதன் வாசம் என்று சொல்லத் தெரியவில்லை. என் வாயில் எச்சில் ஊறியது. ஊறியதற்காக வெட்கமாக இருந்தது. அப்புறம் உலோகத்தில் உலோகம் மெல்ல உரசும் சத்தம், பாத்திரத்தின் அடியை வழிக்கும்போது வருமே, அது. கட்டிலின் இடதுபக்கம் மெத்தை சற்றே அமுங்கியது.

மாமாவின் தாடை அசையத் தொடங்கியது.

"ம்" என்றார். சற்றுக் கழித்து மறுபடி, "ம்."

அத்தை அசையவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

"ம்."

"ஏங்க. உங்களைத்தான். சொல்லுங்க."

மாமாவின் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் கை மெத்தையிலிருந்து எழுந்தது. கனமான எதையோ தூக்குவதுபோல் மெதுவாக எழுந்து, வயிற்றுக்கு மேலே காற்றில் விரிந்து நின்றது, தட்டை மறைக்கிற மாதிரி.

"போதும்" என்றார்.

கீழே தையல் இயந்திரம் நின்றது. உரசல் சத்தமும் நின்றது. கேள்வி ஏதும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மாமா யாருக்கோ பதில் சொல்வதுபோல், "எடுத்துடுங்க" என்றார். அமுங்கியிருந்த மெத்தை மெல்ல உப்பி மேலே வந்தது. அத்தை சட்டென்று காலை ஒடுக்கிக்கொண்டாள். யாரோ அவளைத் தாண்டிப் படியிறங்க வழிவிட்டதுபோல் இருந்தது. நானும் சுவரோடு ஒண்டினேன்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பசிக்குது" என்றார், தொலைத்ததைக் கண்டெடுத்த குரலில்.

இப்போது அவர் பழையபடி பேருந்து நிலையத்தில் நிற்கிறார். உடம்பு தேறிவிட்டது. வந்தவர்களிடம் பழைய கேள்வியோடு இன்னொன்றும் கேட்கிறார்: "போட்டுக்கிட்டே இருந்தா, போதும்னு சொல்லத் தெரியுமா?" ஊரின் உபசாரத்தைப் பற்றிய நகைச்சுவை என்று நினைத்து அவர்கள் சிரிக்கிறார்கள். எப்படிப் பதில் சொன்னாலும் சுங்கச் சாவடிக்கு எதிர்வீட்டுக்கு மட்டும் யாரையும் அனுப்புவதில்லை. தையல்காரம்மாவுக்கு வருத்தம்தான். அந்த அறையில் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டார்.

வீட்டில் மாமா இன்னும் அத்தையிடம் போதும் என்று சொல்வதில்லை. அவள் வலதுபக்கம் நின்று பரிமாறுவாள். அவர் "ம்" என்பார். கை வலித்து அவள்தான் நகர்வாள்.

நேற்று மட்டும் சொன்னார். கரண்டி தட்டுக்கு மேலே இருந்தது. மாமா தலையைத் திருப்பி, யாரும் இல்லாத இடதுபக்கத்தைப் பார்த்து, மரியாதையாக, "போதும்" என்றார்.

அத்தையின் கை காற்றில் நின்றது. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"அது அவங்களுக்குச் சொன்னது" என்றாள் அத்தை. "நான் இன்னும் கேக்கவே இல்ல."

கரண்டியைச் சாய்த்துப் போட்டாள். மாமா இந்தப் பக்கம் திரும்பிப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். அவர் கடைசிப் பருக்கை வரை முடிக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.